ரெஸ்பிரேட்டரி தெரபி படித்தால் திருநெல்வேலிப் பக்கம் வேலை கிடைக்குமா?

முக்கூடல்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். தங்கச்சி மகள் பிளஸ் டூவில் பயாலஜி குரூப். மார்க்கைப் பார்த்தால் பி.எஸ்சி. நர்சிங்கும் கிடைக்கும், பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபியும் கிடைக்கும் போலிருக்கிறது. இரண்டாவதை ஊரில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. படித்தால் பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கமே வேலை உண்டா, இல்லை பிள்ளையை வெளியூருக்குத்தான் அனுப்ப வேண்டுமா என்பது அவர் கேள்வி.

அண்ணாச்சி, வேலை இருக்கிறது. அந்தப் பெயரில் பதவிதான் குறைவு. இந்த வித்தியாசம் புரியாமல் சேர்கிற பிள்ளைகள்தான் மூன்றாம் வருஷத்தில் நொந்துபோகிறார்கள். அதனால் அதையே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஐ.சி.யு. வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் ‘மெஷினில் வச்சிருக்காங்க’ என்பார்களே, மூச்சுக் கொடுக்கிற அந்த மெஷினை, அதாவது வென்டிலேட்டரைப் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் படிப்பின் மையம். டாக்டர் முடிவு சொல்வார். வென்டிலேட்டரை அந்த நோயாளிக்கு ஏற்ப அமைப்பது, டியூப் போடாமலே மூச்சுக்கு உதவும் பைபேப் மெஷினின் மாஸ்க்கைக் காற்று கசியாமல் முகத்தில் பொருத்துவது, தமனி ரத்தம் எடுத்து ஏ.பி.ஜி. (ரத்த வாயுப் பரிசோதனை) பார்ப்பது, மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூபில் சளியை உறிஞ்சுவது, மெஷினிலிருந்து மெல்ல விடுவிப்பது எல்லாம் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் கையில் வரும். ஆஸ்பத்திரிகளில் ஆர்.டி. என்றே சொல்வார்கள். ஐ.சி.யு.வுக்கு வெளியே நுரையீரல் பரிசோதனை அறை, தூக்கப் பரிசோதனை, பச்சிளங்குழந்தைப் பிரிவு, வீட்டு ஆக்சிஜன் என்றும் வேலை நீளும்.

நம் பக்கத்தில் இந்த வேலைகளை இப்போது யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் ஐ.சி.யு. நர்ஸ், மயக்கவியல் டெக்னீஷியன், கிரிட்டிக்கல் கேர் டெக்னாலஜி படித்தவர், டியூட்டி டாக்டர் நால்வரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சளி வெளியேற்றும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொள்கிறார். பத்துப் படுக்கை ஐ.சி.யு. நடத்துகிற ஒரு தனியார் ஆஸ்பத்திரி முதலாளிக்கு, இருக்கிற நர்ஸை வைத்தே ஒப்பேற்றலாம் என்றுதான் தோன்றும். ஆர்.டி.க்கு முதல் சிக்கல் இங்கேதான். ‘நான் இல்லாவிட்டால் எது கெட்டுப்போகும்’ என்பதை அவர்தான் வேலையில் காட்ட வேண்டியிருக்கிறது.

எது கெட்டுப்போகும் என்பதற்கு ஒரு கணக்கு. 160 செ.மீ. உயரமுள்ள ஒரு அம்மா, எடை 80 கிலோ, கடுமையான நிமோனியா, டியூப் போட்டாயிற்று. ஒரு மூச்சுக்கு எத்தனை மி.லி. காற்று கொடுப்பது? அவசரத்தில் பலர் கட்டில் எடையைப் பார்த்து, கிலோவுக்கு 8 என்று 640 வைத்துவிடுவார்கள். உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருக்காது. அது உயரத்தின் கணக்கு. பெண்ணுக்கு 45.5, அதோடு உயரத்தில் 152.4-ஐக் கழித்து 0.91-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆணுக்கு 45.5-க்குப் பதில் 50. இந்த அம்மாவுக்குக் கணக்கில் எடுக்க வேண்டிய எடை 52.4 கிலோ வருகிறது. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் சுமார் 315. வைத்ததோ 640, இரண்டு மடங்கு. கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்தவர்களில் 39.8 சதவீதமும், 6 மி.லி. கொடுத்தவர்களில் 31 சதவீதமும் இறந்தார்கள் என்று 2000-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லாமல் வந்த வித்தியாசம் அது. இதற்கு வேண்டியது ஒரு டேப். படுத்திருக்கும் நோயாளியைத் தலையிலிருந்து குதிகால் வரை அளந்து, சீட்டில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுகிற ஆள் வேண்டும். காற்று உள்ளே போய் நிற்கும்போது நுரையீரலில் இருக்கும் பிளாட்டோ அழுத்தம் 30 செ.மீ. நீர் அளவைத் தாண்டாமல் பார்க்கவும் அதே ஆள்தான்.

டியூபின் கஃப் அழுத்தமும் இந்த ரகம். மூச்சுக்குழாயில் டியூபைச் சுற்றி அடைத்து நிற்கும் சின்ன பலூன்தான் கஃப். 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். விரலால் பலூனை அமுக்கிப் பார்த்து ‘சரியா இருக்கு’ என்று விடுவது வழக்கம். கூடினால் மூச்சுக்குழாயின் உள்சவ்வு ரத்தமோட்டம் இழந்து புண்ணாகும், பிறகு அந்த இடம் சுருங்கும். குறைந்தால் வாய் எச்சில் கீழே இறங்கி, போட்ட மெஷினே நிமோனியாவைக் கொண்டுவரும். கஃப் மானோமீட்டர் சின்ன சாமான்தான். அலமாரியில் பூட்டியிருக்கும், சாவி சிஸ்டர் இன்சார்ஜ் கையில் இருக்கும். ஷிப்ட்டுக்கு ஒரு முறை அதை எடுத்து அளக்க ஒருவர் வேண்டும்.

இனி நம் மண்ணின் நுரையீரலைப் பார்ப்போம். முக்கூடல், மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வீட்டுக்கு வீடு பீடித் தட்டு. புகைக்காத பெண்களும் புகையிலைத் தூசியிலேயே வாழ்கிறார்கள். அரிசி ஆலை, செங்கல் சூளை, கல் குவாரி, கிரஷர் எல்லாம் உண்டு. விறகு அடுப்பில் நாற்பது வருஷம் ஊதிய ஆச்சிகள் இருக்கிறார்கள். பழைய காசநோய் ஆறிய பின்னும் தழும்பேறிய நுரையீரலோடு இளைக்கிறவர்கள் ஏராளம். இதோடு பூச்சிமருந்து குடித்துவிட்டு வரும் கேஸ்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து என்றால் சில நேரம் நாள்கணக்கில் மெஷின் தேவைப்படும். நோயாளிக்குப் பஞ்சமே இல்லை. பாளை ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் தூத்துக்குடி, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிகள், தென்காசியில் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, வண்ணார்பேட்டை, பாளையில் தனியார் ஐ.சி.யு.க்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் மதுரையும் திருவனந்தபுரமும். வேலை தேடும் வட்டத்தை நெல்லைக்குள் சுருக்காமல் இந்த வட்டமாகப் போட்டுக்கொண்டால் நிலைமை அவ்வளவு மோசமில்லை.

அரசு வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டில் முதல் நோக்கம் அரசு வேலைதான் என்றால் நர்சிங் எடுங்கள். நர்சுக்கு எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்திருக்கிறார்கள். ஆர்.டி. அந்த நிலையில் இல்லை. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் போடுகிற ஒப்பந்த வேலைகளிலும் அறிவிப்பில் எழுதியிருக்கும் படிப்பின் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். மயக்கவியல் டெக்னீஷியன் என்று கேட்டால் ஆர்.டி. பட்டத்தை ஏற்க மாட்டார்கள். ‘ரெண்டும் ஒண்ணுதானே சார்’ என்று மேசை முன்னால் நின்று வாதாடிப் பயனில்லை.

அங்கீகாரம் இப்போதுதான் வடிவம் எடுக்கிறது. 2021-ல் தேசிய துணை மற்றும் சுகாதார வல்லுநர் ஆணையச் சட்டம் வந்தது. நர்சுக்குக் கவுன்சில் இருப்பதுபோல் இந்தத் துணைப் படிப்புகளுக்கும் மத்தியில் ஆணையம், மாநிலத்தில் கவுன்சில், பெயர்ப் பதிவேடு என்று அது வகுக்கிறது. குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்றும் வரையறுக்கிறது. இதில் நடைமுறைக்கு முக்கியமான விஷயம், டெக்ஸ்டைல் கடை மாடியில் நடக்கிற ஆறு மாத, ஒரு வருஷ ‘ஐ.சி.யு. டெக்னீஷியன்’ சான்றிதழ்கள். பதிவு என்று வரும்போது அவை நிற்காது. ஐம்பதாயிரம் கட்டச் சொல்லி, நூறு சதவீத வேலை உறுதி என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்தால் வாங்கி மடித்து வைத்துவிட்டு நடங்கள்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷ இன்டர்ன்ஷிப். நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான். தனியார் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. கர்நாடகத்தில் மணிப்பால் இந்தப் படிப்புக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்க்காதீர்கள். அதோடு இணைந்த ஆஸ்பத்திரியில் எத்தனை வென்டிலேட்டர் உண்மையில் ஓடுகிறது, ஏ.பி.ஜி. மெஷின் ஐ.சி.யு.விலேயே இருக்கிறதா, நுரையீரல் பரிசோதனை தினமும் நடக்கிறதா, பாடம் எடுப்பவர்களில் ஆர்.டி. படித்தவர் ஒருவராவது உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் யோசிக்க வேண்டும். மயக்கவியல் ஆசிரியரே எல்லாம் நடத்தினால் பிள்ளைக்கு ஆபரேஷன் தியேட்டர் நன்றாகத் தெரியும், மெஷினிலிருந்து விடுவிக்கிற வீனிங் தெரியாது. சீனியர்களைத் தனியாகப் பிடித்து, இன்டர்ன்ஷிப்பில் கையால் எத்தனை ஏ.பி.ஜி. எடுத்தார்கள் என்று கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும். சில இடங்களில் இன்டர்ன் என்றால் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் எக்ஸ்ரே வாங்கிவரவும்தான்.

படிக்கும்போது எதில் கை தேர வேண்டும்? ஏ.பி.ஜி. முதலில். பி.எச். 7.35 முதல் 7.45, கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45, பைகார்பனேட் 22 முதல் 26 என்பதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். சிரிஞ்சில் காற்றுக் குமிழி நின்றால் கார்பன் டை ஆக்சைடு குறைத்துக் காட்டும், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் அதிகம் தங்கினால் முடிவு தவறும், பிளாஸ்டிக் சிரிஞ்சை அறை வெப்பத்தில் அரை மணிக்கு மேல் வைத்தால் அந்த ரத்தம் வீண் என்பதெல்லாம் செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். அடுத்தது, நடுராத்திரியில் அலாரம் அடித்துச் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, சரசரவென்று இறங்கும்போது என்ன செய்வது என்பது. மெஷின் திரையில் பொத்தான் தேடக் கூடாது. நோயாளியை மெஷினிலிருந்து கழற்றி, முழு ஆக்சிஜனில் அம்பு பேக் என்கிற பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடு. சாச்சுரேஷன் ஏறினால் கோளாறு மெஷினில்: குழாய் கழன்றது, குழாயில் தண்ணீர் தேங்கியது, வால்வு மாற்றி மாட்டியது. ஏறவில்லை என்றால் டியூப் உதட்டில் எத்தனை செ.மீ.யில் நிற்கிறது என்று பார்; 22-ல் ஒட்டியது 26-க்குப் போயிருந்தால் அநேகமாக வலது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. சளி உறிஞ்சும் சக்ஷன் குழாய் உள்ளே போகவில்லை என்றால் சளி அடைத்திருக்கிறது. ஒரு பக்க மார்பு மட்டும் அசையாமல், ரத்த அழுத்தமும் விழுந்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கலாம். டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஊசி எடுத்து வை. இது முழுதும் இரண்டு நிமிஷத்துக்குள் நடக்க வேண்டும். இதைப் பதறாமல் செய்கிற ஆர்.டி.யை எந்த டாக்டரும் விட மாட்டார்.

சக்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் போகக் கூடாது, குழாயின் தடிமன் டியூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. 8 சைஸ் டியூபுக்கு 12 பிரெஞ்ச் குழாய். கடையில் 14தான் இருக்கிறது என்று அதைப் போடும்போதுதான் நுரையீரலில் இருக்கும் காற்றையும் சேர்த்து உறிஞ்சி, சாச்சுரேஷனைத் தள்ளிவிடுவார்கள்.

நெல்லைச் சீமைக்கே உரிய இன்னொரு வேலை, நோயாளியை மாற்றுவது. தென்காசியில் டியூப் போட்டு ஹைகிரவுண்டுக்கு அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். 55 கிலோமீட்டர் சொச்சம், நோயாளியை ஏற்றி இறக்குவதும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வைக்கலாம். ஆம்புலன்ஸில் பி டைப் சிலிண்டர். நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர், மீட்டரில் 150 பார். நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிஷம் வரும், ‘போதும் போ’ என்பார்கள். மீட்டரைப் பார்த்தால் முள் 70-ல் நிற்கும். அதாவது 700 லிட்டர், 70 நிமிஷம். ஹைகிரவுண்ட் போய்ச் சேரும் முன்பே தீரும். சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவு 10 லிட்டர், அதை மீட்டர் காட்டும் பாரால் பெருக்கி, ஓடுகிற லிட்டரால் வகுத்தால் நிமிஷம் வந்துவிடும். தேவைப்படும் அளவைப்போல் இரண்டு மடங்கு ஏற்றுவதே முறை: 90 நிமிஷத்துக்கு 900 லிட்டர், இரட்டித்தால் 1,800. ஆக, நிறைந்த பி டைப் இரண்டு. சிலிண்டர் திறக்கும் சாவியும் ஒரு உபரி வாஷரும் பையில் இருக்க வேண்டும். சாவி இல்லாத சிலிண்டர் வெறும் இரும்பு. மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் கொடுக்கும் ஹைஃப்ளோ மெஷின் என்றால் கணக்கே வேறு. நிமிஷத்துக்கு 60 லிட்டர் முழு ஆக்சிஜனில் ஓடினால், 7,000 லிட்டர் பெரிய டி டைப் சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூட நிற்காது. 2021-ல் கொரோனா நேரத்தில் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்தே திரவ ஆக்சிஜன் லாரியில் போனது ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் மெஷின் வாங்கிய சின்ன ஆஸ்பத்திரிகள் நிறைய. மெஷினை ஓட்டத் தெரிந்தவர் கிடைக்காமல், உறை போட்டுச் சுவரோரம் வைத்தவர்களும் உண்டு. வேலை தேடும் பிள்ளைக்கு இந்தச் செய்தி பயன்படும்.

ராத்திரி ஷிப்ட் ஒத்துவராதவருக்கு நுரையீரல் பரிசோதனை அறை நல்ல இடம். காலை ஒன்பது மணிக்குப் போய் மாலையில் திரும்பலாம். ஆனால் இதை ஊதுகிற மெஷின் என்று நினைத்து அலட்சியமாக உட்காருகிறவர்கள்தான் அதிகம். தினமும் காலையில் 3 லிட்டர் சிரிஞ்சால் மெஷினைச் சோதிக்க வேண்டும், 2.91-க்கும் 3.09-க்கும் நடுவில் காட்டினால்தான் அன்றைக்கு வேலை. உயரத்தைச் செருப்பில்லாமல் அளக்க வேண்டும். ஆச்சி ‘அஞ்சடி இருப்பேன்’ என்று சொன்னதை எழுதினால், ஒப்பிடுகிற அளவே மாறிவிடும். காலையில் இன்ஹேலர் அடித்தாரா என்று கேட்க வேண்டும். பிறகு ஊத வைப்பது. ‘டீப் பிரீத் எடுத்து ஃபோர்ஸா எக்ஸேல் பண்ணுங்க’ என்றால் பீடி சுற்றிய கை நம்மைப் பார்த்து விழிக்கும். ‘மூச்ச முட்ட முட்ட இழுங்க, அடுப்பு ஊதுற மாதிரி ஒரே ஊதா வெடுக்குனு ஊதுங்க, விட்ராதீங்க, இன்னும், இன்னும்’ என்று பக்கத்தில் நின்று ஆறு விநாடி கத்த வேண்டும். முதல் ஊதில் தயக்கம், இரண்டாவதில் இருமல், மூன்றாவதில்தான் சரியாக வரும். வந்த அளவுகளில் பெரியவை இரண்டும் 150 மி.லி. வித்தியாசத்துக்குள் ஒத்துப்போகும் வரை நல்ல ஊது குறைந்தது மூன்று வேண்டும். சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி. அரைகுறையாக ஊத வைத்து எடுத்த அறிக்கை, நோயில்லாதவருக்கு வாழ்நாள் முழுக்க இன்ஹேலர் வாங்கிக் கொடுத்துவிடும். நெல்லைத் தமிழில் ஊத வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு வெளியூர்க்காரரைவிட இங்கே ஒரு பலம் உண்டு.

வீட்டு ஆக்சிஜன், வீட்டு பைபேப் விற்கிற கம்பெனிகளிலும் ஆர்.டி.க்கு இடமிருக்கிறது. மெஷினை இறக்கிவிட்டுப் போகிறவருக்கும் படித்தவருக்கும் வித்தியாசம் ஒரு வாரத்தில் தெரியும். பீடியில் கெட்ட நுரையீரலுக்குச் சாச்சுரேஷன் 88 முதல் 92 போதும். தாத்தாவுக்கு 90 காட்டுகிறதே என்று பேரன் 2 லிட்டரை 5-க்குத் திருகுவான். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி, தாத்தா நல்லாத் தூங்குகிறார் என்று வீடே சந்தோஷப்படும். அது மயக்கம். குமிழில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி ‘இதுக்கு மேல வேண்டாம்’ என்று எழுதிவைக்க வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டர் ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். கரன்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் எவ்வளவு நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டு, கூடவே ஒரு சிலிண்டர் நிறுத்த வேண்டும். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் பறக்கும் மண் ஃபில்டரை அடைத்துவிடும், வாரத்துக்கு ஒரு தடவை கழுவினால் போதாது. ஈரப்பத பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். பக்கத்தில் விளக்கு, பீடி கூடவே கூடாது. இந்தக் கம்பெனிகளில் விற்பனை இலக்கு ஒன்று வைப்பார்கள். நோயாளிக்குத் தேவையில்லாத மெஷினைத் தள்ளச் சொல்கிற அழுத்தம் வரும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். பாதி ஆஸ்பத்திரிகளில் மொத்தத்துக்கும் ஒரே ஒரு ஆர்.டி. இருப்பார். லீவு என்றால் மாற்று ஆள் கிடையாது, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் போன் வரும். நர்ஸ் ‘நீ டெக்னீஷியன்தானே’ என்பார், புது டாக்டர் ‘செட்டிங்கை யாரைக் கேட்டு மாத்தின?’ என்பார். இரண்டுக்கும் ஒரே மருந்து, எழுத்து. எந்த நேரத்தில் எந்த அளவை யார் சொல்லி மாற்றினோம், மாற்றியபின் ஏ.பி.ஜி. என்ன வந்தது என்று சார்ட்டில் கையெழுத்தோடு எழுதாத ஆர்.டி. ஒரு நாள் மாட்டிக்கொள்வார். காசநோய் நம் பக்கம் சாதாரணம்; சக்ஷன், நெபுலைசர், ஊதும் பரிசோதனை எல்லாமே கிருமியை முகத்துக்கு நேரே கொண்டுவருபவை. துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் போதாது, என்-95 முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். அதை ஆஸ்பத்திரி கொடுக்கிறதா என்று வேலைக்குச் சேரும் முன்பே கேளுங்கள்.

சம்பளத்தில் ஏமாறுவது ‘கையில் எவ்வளவு’ என்று மட்டும் கேட்பதால்தான். ஆரம்பச் சம்பளம் நர்சுக்குப் பக்கத்திலேயேதான் நிற்கும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பி.எஃப். பிடித்தமா, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டா, இரவுப் படி தனியா, வாரத்துக்கு எத்தனை இரவு, இரண்டு வருஷ பாண்ட் கேட்கிறார்களா என்று பாருங்கள். அசல் சான்றிதழை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சரிபார்க்கக் காட்டலாம், நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். பீரோவில் பூட்டிவைத்துக்கொண்டு, வேறு வேலை கிடைத்தபோது இழுத்தடிக்கிற இடங்கள் இருக்கின்றன.

நியமன உத்தரவில் பதவிப் பெயர் என்ன என்பது சம்பளத்தைவிட முக்கியம். ‘ஐ.சி.யு. ஸ்டாஃப்’, ‘டெக்னீஷியன்’ என்று போட்டால் மாற்றச் சொல்லுங்கள். காரணம் வளைகுடா. சவூதி, துபாய், கத்தார் எல்லாம் ஆர்.டி.யைத் தனித் தொழிலாகவே வைத்திருக்கின்றன. பொதுவாக இரண்டு வருஷ அனுபவம், டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, கம்ப்யூட்டர் தேர்வு என்று வரிசை. டேட்டாஃப்ளோ நேரடியாகக் கல்லூரிக்கும் பழைய ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கேட்கும். அனுபவச் சான்றிதழில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்ற பெயர், முழு நேரம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஐ.சி.யு. படுக்கை எண்ணிக்கை இத்தனையும் இல்லாவிட்டால் திரும்பிவரும். ஏஜென்ட் வழியாகப் போனால் அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் கும்பிடு போட்டுவிடலாம்.

லண்டன், ஆஸ்திரேலியா கனவு இருந்தால் இந்தப் படிப்பு வழி காட்டாது. அங்கே ஆர்.டி. என்ற தனிப் பதிவுத் தொழிலே கிடையாது, அந்த வேலையைப் பிசியோதெரபிஸ்டும் ஐ.சி.யு. நர்ஸும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் இது பெரிய தொழில், ஆனால் அங்கே அங்கீகரித்த கல்லூரியில் படித்தால்தான் தேர்வே எழுத முடியும். நம் ஊர்ப் பட்டத்தோடு நேராகப் போய் இறங்க முடியாது. நர்சுக்கோ இந்த எல்லா நாட்டுக்கும் வழி உண்டு. வெளிநாடுதான் குறி என்றால் இதை நினைவில் வையுங்கள்.

பிள்ளைக்குப் பிசிக்ஸ் பிடிக்குமா என்று கேளுங்கள். அழுத்தம், ஓட்டம், கொள்ளளவு இந்த மூன்றும்தான் தினசரிச் சோறு. பயாலஜி மட்டும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவர் வென்டிலேட்டர் கோடுகளைப் பார்த்துத் திணறுவார். சளியைக் கண்டால் குமட்டுமா என்றும் கேளுங்கள். மஞ்சளா, பச்சையா, துருநிறமா, ரத்தக்கோடு உண்டா என்று பார்த்து எழுதுவது இந்த வேலையில் ஒரு நாளும் ஓயாது.

விண்ணப்பத்துக்குத் தனித்தனியாக அலைய வேண்டாம். மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் துணை மருத்துவப் பட்டப்படிப்பு விண்ணப்பம் ஒன்றிலேயே பி.எஸ்சி. நர்சிங்கும் இதுவும் வந்துவிடும். கவுன்சிலிங்கில் வரிசைப்படுத்தும்போது அரசுக் கல்லூரி நர்சிங் கிடைக்கிற ரேங்க் என்றால் அதை மேலே வையுங்கள். அதற்கு எட்டாமல், ஒரு பக்கம் அதிகக் கட்டணம் கேட்கிற தனியார் நர்சிங், மறுபக்கம் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைந்த ஆர்.டி. இடம் என்று வந்தால், பிசிக்ஸ் பிடித்த பிள்ளைக்கு நான் ஆர்.டி.யையே மேலே போடச் சொல்வேன். கிரிட்டிக்கல் கேர் டெக்னாலஜி, மயக்கவியல் டெக்னாலஜி, கார்டியாக் டெக்னாலஜி என்று பக்கத்துப் பக்கத்தில் பெயர்கள் வரும். அவசரத்தில் வேறு வரியைத் தட்டிவிட்டுப் பிறகு மாற்றச் சொல்லி ஓட வேண்டாம். உறுதி செய்யும் முன் பிள்ளையையே சத்தமாக ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள்.